உங்க ஆள் சொல்லித்தான் மரம் அறுக்குற மெஷின் பாரை சுத்தியலால அடிச்சேன், இப்ப வாரண்டி இல்லைங்கிறீங்க

வணக்கம் சார்,

இது நான் அனுப்புற நாலாவது மெயிலுங்க. முதல் மூணுக்கும் உங்கள் கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சு. நான் கருத்து சொல்லலைங்க, புகார் சொன்னேன்.

உங்க மரம் அறுக்குற மெஷின், 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீளப் பட்டை) போட்டது, மாடல் நம்பர் பில்லுல இருக்கு, வாங்கி 8 மாசம் ஆகுது. எங்களுக்கு பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்பு. 2018 கஜா புயல்ல பாதி தோப்பு சாஞ்சப்ப வாடகைக்குக்கூட மெஷின் கிடைக்காம நாள்கணக்கா காத்துக் கெடந்தோம், அந்த வயித்தெரிச்சல்லதான் சொந்தமா ஒண்ணு இருக்கட்டும்னு வாங்குனது.

போன மாசம் விழுந்து கெடந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுக்கும்போது மரம் உக்காந்து பாரை கவ்விடுச்சு. ஆப்பு அடிச்சு எடுத்திருக்கணும், என் மச்சான் அவசரப்பட்டு பக்கவாட்டுல ஆட்டி இழுத்துட்டான், பார் நடுவுல வளைஞ்சு போச்சு. எங்க தப்புதான், ஒத்துக்கிறேன். புது பார் சும்மா குடுங்கன்னு நான் கேக்கவே இல்ல. இதை பெண்டு எடுக்கலாமா கூடாதா, கூடாதுன்னா புது பார் எங்க கிடைக்கும், இவ்வளவுதான் கேட்டேன். மெஷின் வித்த உங்களுக்கு இது தெரியாதா?

கஸ்டமர் கேர்ல பேசுன பொண்ணு மரியாதையாதான் பேசுச்சு, திருச்சி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க சார் சரி பண்ணிக் குடுப்பாங்கன்னுச்சு. மெஷினை சாக்குல கட்டி தஞ்சாவூர் போய் பஸ் மாறி, லக்கேஜ் டிக்கெட் வேற போட்டு, மத்தியானம் போய் சேந்தா புது பார் ஸ்டாக் இல்லையாம். கவுண்டர்ல இருந்த தம்பி செல்லுல இருந்து தலையைக்கூட தூக்கல. என் வயசுக்கு அவன் என் பையன் மாதிரி. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க, வீட்ல கல்லு மேல வச்சு ரெண்டு தட்டு தட்டுனா நிமிரப் போகுது"ன்னு சொல்லிட்டு பக்கத்துல இருந்தவன பாத்து சிரிக்கிறான். திரும்பி வர்ற பஸ்ல ஒரத்தநாடு தாண்டல, உங்கள் புகார் தீர்க்கப்பட்டதுன்னு மெசேஜ் வருது. யாருக்கு தீந்துச்சு?

சரி கம்பெனி ஆளே சொல்றானேன்னு தட்டுனேன். தண்டவாளத் துண்டு மேல வச்சு சுத்தியலால. பார்க்க நேராதான் ஆச்சு, செயினை மாட்டுனா ஒரு இடத்துல சிக்குது, கையால இழுத்தாலும் நகரல. அப்புறம் எங்க ஊர் பட்டறைக்காரர்கிட்ட எடுத்துட்டுப் போனேன், பாத்ததும் திட்டுனார். இது ஒத்த பட்டை இல்லைங்க, மூணு தகடை ஒட்ட வச்சது, ஓரத்துல அடிச்சா செயின் ஓடுற காடி மூடிக்கும்னார். ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு ஓரத்தை பாத்து எங்க கோணல்னு சாக்பீஸ்ல கோடு போட்டார். ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து வைஸ்ல புடிச்சு, சுத்தியலே தொடாம கொஞ்சம் கொஞ்சமா எதிர்ப்பக்கம் வளைச்சார். மூடுன காடியை தகடு விட்டு நெம்பி, பிசிரை அரத்தால ராவிக் குடுத்தார், டீக்காசு மட்டும்தான் வாங்குனார். இந்த விவரம் உங்க ஆளுக்கு தெரிஞ்சிருக்க வேண்டாமா சார்? பார்லயே 0.058னு காடி அகலம் இஞ்ச் கணக்குல அடிச்சிருக்கு, அது மூடுனா செயின் எப்படி ஓடும்னு அந்த தம்பிக்கு ஒரு நாளாச்சும் யாராவது சொல்லிக் குடுத்தீங்களா?

அதுக்கப்புறமும் பார்ல புகை வருது, அறுத்தா கோணலா போகுது. ஆயில் டேங்க் ரொம்பிக் கெடக்கு, பாருக்கு ஒரு சொட்டு வரல, பம்புதான் போச்சுன்னு பட்டறைக்காரர் சொன்னார். மறுபடியும் திருச்சி. அதே தம்பி. இந்த தடவ தலையை தூக்குனான், பாரை பாத்துட்டு சுத்தியல் தடம் இருக்கு, வாரண்டி கேன்சல்னான். நீதானேப்பா தட்டச் சொன்னன்னு கேட்டா நான் அப்படி சொல்லவே இல்லைங்கிறான்! பாரை தட்டுனதுக்கும் மெஷினுக்குள்ள இருக்குற ஆயில் பம்புக்கும் என்னங்க சம்பந்தம்? ஹோல்டுல போட்டு பாட்டு கேட்டதே மொத்தமா ரெண்டு மணி நேரம் இருக்கும். பார் பெண்டு எடுக்கப் போய் என் பெண்டை நிமித்திட்டீங்க. மரம் அப்படியே வாய்க்கால மறிச்சு கெடக்கு, ஆள் கூலி, பஸ் செலவு, தண்ணி பாயாம தென்னை காஞ்சது எல்லாம் சேத்தா லட்ச ரூபாய் நஷ்டம், மன உளைச்சல் தனி.

தயவுசெஞ்சு ஆயில் பம்பை வாரண்டில மாத்திக் குடுங்க. 22 இஞ்ச் பார் ஒண்ணு அனுப்புங்க, காசு நான் தர்றேன். ஒரு வாரம் பாப்பேன், இல்லைன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு பதிவு பண்ணிட்டு நேரா தஞ்சாவூர் நுகர்வோர் கோர்ட்டுதான், வாங்குன விலை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ்கூட கிடையாது, விசாரிச்சு வச்சிருக்கேன். அந்த தம்பி வேலையை விட்டு தூக்கணும்னு சொல்லல சார், அவனுக்கும் குடும்பம் இருக்கும், ஆனா தட்டச் சொன்னேன்னு அவன் ஒத்துக்கணும்.

பில், வாரண்டி கார்டு, பார் போட்டோ இணைச்சிருக்கேன். காலைல 10 மணிக்கு மேல கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி தோப்புல இருப்பேன், சிக்னல் கிடைக்காது.