214 கோடியே சொச்சம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலம்தான் காரணம் என்று எழுதச் சொன்னாள்.

போன வாரம் போனில் உன் ஆபீஸ் வேலையைப் பற்றிச் சொன்னாயே, பழைய கணினிகள் 1970லிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன, 2038 ஜனவரி 19 காலை நம் நேரப்படி 8:44:07க்கு 2147483647ஐத் தொட்டதும் அவற்றில் இடம் தீர்ந்துவிடும், அடுத்த விநாடி 1901க்குப் போய் நிற்கும் என்று. "அது ஒரு லிமிட், அவ்வளவுதான்ப்பா" என்று முடித்துவிட்டாய். கணக்கு வாத்தியாரிடம் அப்படிச் சொல்லலாமா?

அது 2ஐ 31 முறை பெருக்கி 1 கழித்தால் வருவது. முக்கியமாக, அது ஒரு பகா எண். இந்த மாதிரி கழித்தாலே பகா எண் வந்துவிடும் என்று நினைக்காதே. 11 முறை பெருக்கிக் கழித்துப் பார், 2047 வரும். அது 23 × 89. 31க்கு வாய்த்திருக்கிறது. இந்த வகையை மெர்சென் பகா எண் என்பார்கள். 31ம் அதே வகைதான், 2ஐ 5 முறை பெருக்கி 1 கழித்தது. ஆக, இது இரட்டை மெர்சென்.

உன் லிமிட் பகா எண்தான் என்று நிரூபித்தவர் ஆய்லர் என்ற கணித மேதை. 1772இல் பெர்னூலி என்ற இன்னொரு கணிதவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அப்போது அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. நேராகப் போனால் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். நாலாயிரத்துக்கும் மேலே இருக்கின்றன. இந்த எண்ணுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர முடியும் என்று அவர் காட்டினார். அப்படி மிஞ்சிய பகா எண்கள் வெறும் 84. அதில் முதலாவது 311. நான் வகுத்துப் பார்த்தேன்: ஈவு 6905092, மீதி 35. எனக்கு இந்த வடிகட்டல்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வகுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அப்புறம், 6, 28 மாதிரி செவ்விய எண்கள் பள்ளியில் படித்திருப்பாய்: தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் அதே எண் வரும். உன் லிமிட்டை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கு, 2305843008139952128 கிடைக்கும். அதுவும் செவ்விய எண். பார்லோ என்ற ஆங்கிலேயர் 1811இல், இதைவிடப் பெரிய செவ்விய எண் இனி கண்டுபிடிக்கப்படவே போவதில்லை, பயனில்லாத ஒன்றை யார் தேடுவார்கள் என்று எழுதினார். 1876இல் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர், 2ஐ 127 முறை பெருக்கி 1 கழித்து வரும் 39 இலக்க எண் பகா எண் என்றே காட்டிவிட்டார். அதிலிருந்து வரும் செவ்விய எண் இன்னும் நீளம். பயனில்லை என்பதற்காக ஆட்கள் நிறுத்திக்கொள்வார்கள் என்று பார்லோ எப்படி நம்பினாரோ!

சரி, ஒரு வேலை வைக்கிறேன். அந்த 84 எண்களின் பட்டியலை மட்டும் உன் கணினியில் எடுத்து அனுப்பு. மீதியை அதில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடாதே. வகுப்பதை நான் தாளில் பார்த்துக்கொள்கிறேன். 311 முடிந்தது, அடுத்தது 1303.

அன்புடன்,
அப்பா