குணத்துக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் மச்சான் குணம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோசம். இங்கே வெயில் கொளுத்துகிறது. மகள் உப்புவெளிப் பக்கம் வீடு மாறிவிட்டாள், மற்றதெல்லாம் பழையபடிதான்.

வெள்ளைக்காரன் கிராமத்துப் பள்ளிக்கூடங்களை ஒழுங்காகப் பார்வையிட்டுக் காசு கொடுத்தான் என்று எழுதியிருந்தாய். பார்வையிட்டது உண்மை, காசு கொடுத்ததும் உண்மை. கொடுத்த விதத்தில்தான் எனக்கு உன்னோடு வழக்கு.

இலங்கையின் கல்வி நிலையை ஆராய்ந்த மோர்கன் குழுவின் அறிக்கை 1867இல் வந்தது. 1869இல் கல்விக்கென்று தனித் திணைக்களம் அமைந்தது. அதன் பிறகு கிறிஸ்தவ மிசன் பள்ளிக்கூடங்களுக்கு உதவி நன்கொடை பெறுபேற்றைப் பார்த்துத்தான். இன்ஸ்பெக்டர் வருவார், வரவு இடாப்பைப் புரட்டுவார், பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று காசு.

இப்போது தம்பலகாமத்தை நினைத்துப் பார். அரிவுவெட்டு நேரத்தில் அவர் வந்து நின்றால் வகுப்பில் யார் இருப்பார்கள்? மூதூர்ப் பக்கம் தகப்பனோடு கடலுக்குப் போன பொடியனை யார் கூப்பிட்டு வருவது? அன்றைக்கு இல்லாத பிள்ளைக்குக் காசில்லை. காசு குறைந்தால் நல்ல வாத்தியார் நிற்கமாட்டார், அடுத்த முறை தேறுகிறவர்களும் குறைவார்கள். ஆகக் கூடுதலாகத் தேவைப்பட்ட ஊருக்குத்தான் ஆகக் குறைவாகப் போயிருக்கும். வாத்தியார்மாரும் சும்மா இருந்திருப்பார்களா? சோதனை நாளுக்கென்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்துவந்து இருத்தியிருப்பார்கள். நம் காலத்திலேயே வட்டாரக் கல்வி அதிகாரி வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறுமே!

அப்புறம் அந்தக் கால் மைல் விதி. ஏற்கெனவே நடக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கால் மைலுக்குள் புதிதாக ஒன்று தொடங்கினால் பெரும்பாலும் நன்கொடை கிடையாது. முந்தி வந்து இடம் பிடித்தவன் மிசன்காரன். சைவர்களும் பௌத்தர்களும் சொந்தக் கையை நம்பித்தான் தொடங்க வேண்டியிருந்தது. அந்த விதி வருவதற்கு முன்பே, ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் தொடங்கிய பள்ளிக்கூடம் நன்கொடைக்காகப் பல வருடம் காத்துக்கிடந்தது. நம்மூர் இந்துப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1897இல். இராமகிருஷ்ண மிசன் அதைப் பொறுப்பெடுத்தது 1925இல்தான்.

1907இல் கிராமப் பாடசாலைச் சட்டம் வந்து, பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்குத் தண்டமும் வந்தது. பசிக்குத் தண்டம் போட்டு என்ன பயன், சொல்லு!

மூதூரில் உன் அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்து எழுது. இன்ஸ்பெக்டர் தன் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்றையாவது பார்க்க ஆசை. தைப்பொங்கலுக்கு வருகிறாய்தானே? மிச்ச வழக்கை அப்போது பேசுவோம்.

அன்புடன்,
சிவம்