பெல்லிங்கில் ஒரு பகலும் விடுபட்ட தலைநகரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்குச் சிக்கிம் செல்ல இப்போதே முன்பதிவு செய்துவரும் தங்கள் வாசகர்களுக்கும், அவர்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். சென்ற அக்டோபரில் நானும் என் மனைவியும் ஒரு குழுவினருடன் மேற்குச் சிக்கிமில் உள்ள பெல்லிங்குக்குச் சென்றிருந்தோம். சுற்றிப் பார்க்க எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரே பகல். அதற்குள் ரிம்பி அருவி, கெச்சியோபால்ரி ஏரி, கஞ்சன்ஜங்கா அருவி, யுக்சம், பெமயாங்ட்சே மடாலயம் என ஐந்து இடங்கள். பட்டியலில் இருந்தவற்றின்மீது எனக்குப் பெரிய குறை இல்லை. அதில் இடம்பெறாத, சிக்கிமின் பழைய தலைநகரான ரப்டென்ட்சேயைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

கெச்சியோபால்ரி, பௌத்தர்களும் இந்துக்களும் ஒருசேரப் புனிதமாகக் கருதும் ஏரி. காடும் சதுப்பும் சூழ்ந்திருந்தும் நீர்ப்பரப்பில் ஓர் இலைகூட மிதப்பதில்லை என்றும், விழும் இலையைப் பறவைகள் கொத்தி எடுத்துச் சென்றுவிடும் என்றும் அங்குள்ளோர் சொல்கிறார்கள். காலணியைக் கழற்றிவிட்டு, பிரார்த்தனை உருளைகளைச் சுழற்றியபடி மரப்பாலத்தில் நடந்து சென்றால்தான் நீரின் அருகே நிற்க முடியும். 2025 பிப்ரவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட நான்கு ஈரநிலங்களில் இதுவும் ஒன்று. அதே அறிவிப்பில் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் இடம்பெற்றிருந்ததை உடன் வந்தவர்களிடம் சொன்னேன். அவ்விரு பறவைகள் சரணாலயங்களையும் பார்த்தவர் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை.

கஞ்சன்ஜங்கா அருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகான அருவி, நெரிசலான சாலையோரம்.

யுக்சத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. திபெத்திய வழிவந்த மூன்று லாமாக்கள் அங்கே கூடி, 1642இல் புன்ட்சோக் நம்கியாலைச் சோக்யால், அதாவது தரும அரசன், என முடிசூட்டினர் என்பது சிக்கிமின் மரபு. அந்தக் கல் அரியணை யுக்சத்தின் நோர்புகாங்கில் இன்றும் இருக்கிறது. டுப்டி மடாலயம் அதற்கு மேலே குன்றின்மீது நிற்கிறது. மலையேற்றம் என்பதால் அதையும் எங்கள் வண்டி விட்டுவிட்டது. புன்ட்சோக்கின் மகன் டென்சுங் 1670இல் தலைநகரை ரப்டென்ட்சேக்கு மாற்றினார். 1814 வரை அதுவே சிக்கிமின் தலைநகரம். பெமயாங்ட்சேயின் தலைமை லாமாவுக்குத்தான் அரசருக்குப் புனித நீர் தெளித்து முடிசூட்டும் உரிமை இருந்தது. ஆகவே யுக்சத்தையும் பெமயாங்ட்சேயையும் காட்டிவிட்டு, வரலாற்றில் அவ்விரண்டையும் இணைக்கும் ரப்டென்ட்சே அரண்மனையை விட்டுவிடுவது, தஞ்சைக்கு வருபவரிடம் கோயிலை மட்டும் காட்டி, கட்டிய அரசனின் பெயரைச் சொல்லாமல் அனுப்புவதைப் போன்றது. இத்தனைக்கும் பெமயாங்ட்சேயிலிருந்து ரப்டென்ட்சேயின் நுழைவாயிலுக்கு வண்டியில் சில நிமிடங்கள்தான்.

மறுநாள் காலை குழுவினர் கண்ணாடி நடைபாதையைப் பார்க்கச் சென்றபோது, நாங்கள் இருவரும் தனியாக ஒரு வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு ரப்டென்ட்சேக்குப் போனோம். நுழைவாயிலிலிருந்து காட்டுக்குள் பாசி படிந்த கற்பாதையில் நடக்க வேண்டும். மூட்டுவலி உள்ள என் மனைவி நின்று நின்று நடந்தும் வந்து சேர்ந்துவிட்டார். நேபாளத்துக் கூர்க்காப் படையெடுப்பில் அழிந்த அரண்மனையின் கற்சுவர் அடித்தளங்கள், அரச குடும்பத்தார் வழிபட்ட மூன்று சோர்ட்டன்கள் (பௌத்தத் தூபிகள்), நீதி வழங்கப்பட்ட கல்லிருக்கை ஆகியவற்றை இந்தியத் தொல்லியல் துறை பராமரித்து வருகிறது. மேகம் ஏறுவதற்கு முந்தைய அந்த நேரத்தில் கஞ்சன்ஜங்கா சிகரம் முழுவதுமாகத் தெரிந்தது. முந்தைய நாள் பிற்பகலில் பெமயாங்ட்சேக்குப் போனபோது வெண்மேகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மேல்மாடியில் உள்ள ஏழடுக்கு மரச் சிற்பத்தைக்கூட, திபெத்தில் பௌத்தத்தைப் பரப்பிய குரு பத்மசம்பவரின் விண்ணுலக மாளிகை அது என்று யாரும் எடுத்துச் சொல்லாததால், எங்களில் பலர் கடந்து போய்விட்டனர்.

ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் அந்த மலைச்சாலையில் இரண்டு அருவிகள் தேவையில்லை. குளிக்கவும் வழியில்லாத ரிம்பியில் வண்டியை நிறுத்துவது, குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நின்ற நம்மவர்களுக்கு அப்படியொன்றும் பெரிய வரவல்ல. அதை நீக்கிவிட்டு, காலையில் முதலில் ரப்டென்ட்சேயும் பெமயாங்ட்சேயும், அதன்பின் யுக்சமும் ஏரியும் என்று வரிசையை மாற்றிக்கொள்ளலாம். நடக்க இயலாதவர்களுக்கு அந்த நேரம் மடாலய முற்றத்திலேயே இனிதாகக் கழியும். துண்டறிக்கையில் வழுக்காத காலணி வேண்டும் என்பதையும், 2022 முதல் சிக்கிமில் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் ஆளுக்கொரு தண்ணீர்க் குடுவை கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிட்டால் நல்லது. எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு அந்தத் தடை அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பரமக்குடி