உரிமத்தையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு,

கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளில், காணொளி தயாரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிளெண்டர் (முப்பரிமாண அசைவூட்டம்), ஆடாசிட்டி (ஒலித் திருத்தம்), கேடென்லைவ் (காணொளித் திருத்தம்) எல்லாவற்றையும் நன்றாக விளக்கியிருந்தீர்கள், சரி, ஆனால் செய்து முடித்ததை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று ஒரு வரிகூட இல்லை. கருவி கட்டற்றது என்பதாலேயே படைப்பும் கட்டற்றதாகிவிடாது. உரிமம் குறிப்பிடாவிட்டால் பெரும்பாலான நாடுகளில் முழு உரிமையும் படைத்தவரிடமே நிற்கும், பகிர நினைத்தவரின் நல்ல மனசு யாருக்கும் பயன்படாது.

போன மாதம் பாடக் காணொளி ஒன்றுக்கு மழைச் சத்தம் தேடினேன். தகரத்தில் சொட்டுவதுவரை தெளிவாகக் கேட்கும் அருமையான பதிவு கிடைத்தது, எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கு எங்கும் பதில் இல்லாததால் விட்டுவிட்டேன். படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதலே இருக்கின்றன. அடுத்த கட்டுரையில் அவற்றை விளக்குங்கள், அப்புறம் திட்டக் கோப்பையும் (மென்பொருளில் திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பு) சேர்த்துப் பகிரச் சொல்லுங்கள்.