கீழக்கரைக் கல்தூண்களும் மரபுதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இன்றைய பள்ளிவாசல் கட்டடங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், குவிமாடத்தைக் கைவிட்டவர்கள் இஸ்லாமிய மரபையே கைவிட்டார்கள் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) கட்டிய பள்ளியில் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும்தானே இருந்தன?

கட்டுரையாளர் குறை சொல்லும் இஸ்லாமாபாத் ஃபைசல் பள்ளிவாசலுக்கு ஒரு முன்கதை உண்டு. அதை வடிவமைத்த வேதாத் தலோகாய் துருக்கியர். அங்காராவில் கோஜாதெபே பள்ளிவாசலுக்காக 1957இல் நடந்த போட்டியில் வென்றதும் அவருடைய வரைபடம்தான். அது ரொம்பப் புதுமை என்று எதிர்ப்பு கிளம்ப, வேலை அஸ்திவாரத்தோடு நின்றது. பிறகு 16ஆம் நூற்றாண்டு உஸ்மானிய (ஒட்டோமான் துருக்கியப் பேரரசின்) பாணியை அப்படியே பின்பற்றி வேறொன்றைக் கட்டி 1987இல் திறந்தார்கள். அந்த ‘மரபான’ பள்ளியின் கீழ்த்தளத்தில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

தலோகாய் 1969இல் இஸ்லாமாபாத் போட்டியில் வென்றார். பாலைவனக் கூடாரத்தின் வடிவில் கூரை, நான்கு மூலைகளிலும் ஒல்லியான மினாராக்கள். குவிமாடம் எங்கே என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். இன்று பாகிஸ்தானின் 5,000 ரூபாய் நோட்டில் இருப்பது அந்தப் பள்ளிவாசல்தான். தொழுகைக் கூடத்தின் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. ஸஃப், அதாவது தொழுகை வரிசை, உடையாமல் நிற்கலாம். தொழ வருபவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

மரபும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. உஸ்மானியப் பாணிக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் சினானே, இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலின் குவிமாடத்தை நான்கு பெருந்தூண்கள் மேல் நிறுத்திவிட்டு, எதிர்னே நகரின் செலிமியா பள்ளிவாசலில் எட்டுத் தூண்களுக்கு மாறியவர்.

நம் பக்கம் வருவோம். கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளியில் கல்தூண்களும் அவற்றின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளும் தட்டையான கல் கூரையும் இருக்கின்றன. கோயில் மண்டபம் எழுப்பிய அதே கல்தச்சு மரபு. உருவங்கள் இருக்கும் இடத்தில் பூவும் கொடியும். இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் பக்கத்து ஊர்களில், கொஞ்சம் வசூல் சேர்ந்ததும் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு கான்கிரீட் குவிமாடம் வைக்கிறார்கள். கேட்டால், அதுதான் இஸ்லாமிய முறையாம்! இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம்தான். அதற்குப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ நீட்டிக் கட்டலாமே. பழைய தூண்கள் யாரை என்ன செய்தன?

கட்டுரையாளர் அடுத்து நம் கடற்கரை ஊர்ப் பள்ளிகளைப் பற்றி எழுத வேண்டும். படங்களோடு வந்தால் இடிக்கத் திட்டமிடும் ஜமாஅத் நிர்வாகிகள் கையிலும் அதைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இராமநாதபுரம்