சாயங்காலம் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்ட நம்பி ஊசி போட்டுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

நான் ஈரோட்டுல ஒரு லேப்ல ரத்தம் எடுக்கற வேலை பாக்கறேன். முன்னாடியெல்லாம் டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோனுக்கு டெஸ்ட்டுன்னு வந்தா பெரும்பாலும் குழந்தைக்காக ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்கதான், டாக்டர் சீட்டோட வருவாங்க. இப்ப ஜிம்முக்கு போற பசங்க, நாப்பது தாண்டி அசதியா இருக்குன்னு பயப்படறவங்க, யூடியூப் பாத்துட்டு வர்றவங்கன்னு சீட்டு இல்லாமயே வர்றாங்க. டெஸ்ட் பண்றது தப்பில்லைங்க, வர்ற நேரம்தான் தப்பு. வேலைய முடிச்சுட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு, வழியில டீ பஜ்ஜி சாப்பிட்டுட்டு வந்து கைய நீட்டறாங்க.

இந்த ஹார்மோன் காலையிலதான் உச்சத்துல இருக்கும், போகப்போக இறங்கிடும், அதுவும் இளவட்டப் பசங்களுக்கு காலைக்கும் சாயங்காலத்துக்கும் நல்லாவே வித்தியாசம் வரும். வயித்துல சாப்பாடு இருந்தாலும், முக்கியமா சர்க்கரை உள்ளது சாப்பிட்டிருந்தா, அளவு குறைஞ்சு காட்டும். அதனாலதான் காலையில ஏழுலேந்து பத்து மணிக்குள்ள வெறும் வயித்துல எடுக்கணும், குறைவா வந்தா இன்னொரு நாள் காலையில மறுபடி எடுத்துதான் முடிவு பண்ணணும்னு ஹார்மோன் டாக்டருங்க சொல்றாங்க. முதல் தடவை குறைவா வந்தவங்கள்ல சுமாரா பத்துக்கு மூணு பேருக்கு ரெண்டாவது தடவை நார்மலா வந்துடுதாம். காய்ச்சல்ல படுத்து எழுந்த கையோட எடுத்தாலும் குறைஞ்சுதான் இருக்கும், உடம்பு தேறட்டும்னு விட்டு எடுக்கணும். மில்லுல நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க அத டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அவங்க தூங்கி எழுந்திரிக்கற நேரமே வேற.

போன மாசம் ஒரு தம்பி ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு கண்ணெல்லாம் கலங்கி நின்னுச்சுங்க. 4.1னு போட்டிருக்கு, நெட்ல 300க்கு கீழ போகக்கூடாதுன்னு இருக்கே, எனக்கு ஒண்ணுமே இல்லையாண்ணான்னு கேக்குது. அந்த நம்பருக்கு பக்கத்துல சின்ன எழுத்துல ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம்னு போட்டிருந்துச்சு. நெட்ல அது பாத்தது டெசிலிட்டர் கணக்கு, அதாவது நூறு மில்லிலிட்டருக்கு. நூறால பெருக்கினா 410, நார்மல்தான். கல்யாணம் பேசி முடிச்ச பையன், ராத்திரி முழுக்க தூங்கலையாம். யூனிட்ட கொட்டை எழுத்துல போட்டா என்னங்க குறைஞ்சிடும்?

அந்த 300ங்கறதும் அமெரிக்க யூராலஜி சங்கம் 2018ல சொன்ன எல்லை. 310 இருந்தா ஆம்பளை, 290 இருந்தா இல்லைன்னு அதுக்கு அர்த்தம் கெடையாது. ஆசை குறையறது, காலையில விறைப்பு வராதது, உடம்பு பலம் போறதுன்னு அறிகுறியும் இருந்து, நம்பரும் ரெண்டு தடவை குறைவா இருந்தாத்தான் டாக்டர் குறைபாடுன்னே எடுத்துக்குவாங்க.

தொப்பை, சுகர் இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்துல பெரும்பாலும் புரோட்டீன்ல ஒட்டிக்கிட்டுதான் ஓடும், ரெண்டு சதவீதம் போலதான் சும்மா திரியும். எஸ்ஹெச்பிஜிங்கற அந்த புரோட்டீன் இவங்களுக்கு கம்மியா இருக்கும், அதனால மொத்த அளவு குறைஞ்சு தெரிஞ்சாலும் உடம்புக்கு கிடைக்கறது சரியாவே இருக்கலாம். விரைய வேலை செய்யச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச்ங்கற ஹார்மோனும் சேத்து பாத்தாத்தான் கோளாறு விரையிலயா, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரியிலயான்னு பிடிபடும். முடி கொட்டுதுன்னு பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை சாப்பிடறவங்க டெஸ்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, சில மெஷின்ல அது டெஸ்டோஸ்டிரோன கூட்டிக் காட்டிடும், பயோட்டின் லேப் ரிசல்ட்டையே மாத்திடும்னு 2017லயே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சிருக்கு.

எனக்கு வயித்தக் கலக்கறது ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் நடக்கறதுதான். சாயங்காலம் எடுத்த ஒத்த ரிப்போர்ட்ட காட்டி, ஜிம்ல யாரோ சொன்னாங்கன்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பிச்சுடறாங்க. வெளியிலேந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ள போனா, போதும்னு பிட்யூட்டரி எல்ஹெச் அனுப்பறத நிறுத்திடும், விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துடும், சிலருக்கு பூஜ்யத்துக்கே போயிடும். ஊசிய நிறுத்தினாலும் திரும்பி வர மாசக்கணக்காகும், சிலருக்கு அதுக்கும் மேல. ஆண்மைக்குன்னு போட்டுக்கிட்டு அப்பாவாகற வாய்ப்ப தள்ளிப்போட்டுக்கறாங்க, யாரும் அவங்களுக்கு இத சொல்றதில்ல. ரத்தம் கெட்டியாகுதான்னு ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு, பாத்துக்கிட்டே இருக்கணும், 54 சதவீதத்த தாண்டினா நிறுத்தியாகணும், அதையும் பாக்கறதில்ல. உண்மையிலயே குறைபாடு உள்ளவங்களுக்கு அந்த ஊசி நல்ல மருந்துங்க, அத நான் மறுக்கல, ஆனா குழந்தை வேணும்னு இருக்கறவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அத வாயத் தொறந்து சொல்லணும்.

லேப் நடத்தறவங்கள கேட்டுக்கறேன், ஆண்கள் பேக்கேஜுக்கு சாயங்கால ஸ்லாட் குடுக்காதீங்க, வீட்டுக்கு வந்து எடுக்கறதா இருந்தாலும் காலையிலயே ஆள அனுப்புங்க. ரத்தம் எடுத்த நேரமும், சாப்பிட்டிருந்தாங்களாங்கறதும் ரிப்போர்ட்ல அந்த நம்பருக்கு பக்கத்துலயே வரணும், இப்ப அது மேல ஒரு மூலையில பொடி எழுத்துல கெடக்கு. உங்க பேப்பர் மருத்துவப் பக்கத்துல ஒரு ஹார்மோன் டாக்டர வெச்சு இதப் பத்தி எழுத வைங்க சார், கேள்விய நேர்ல கேக்க கூச்சப்படற ஆம்பளைங்க அத படிப்பாங்க.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருத்தர்,
ஈரோடு
(பெயர் வெளியிட வேண்டாம்)