நனைந்து வந்த பதினான்கு பேர் எழுதிக்கொள்ளும் நன்றி

மூணாறு மலையில் இந்த ஆனி மாதக் கடைசியில் எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும், திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வணக்கம்.

யார் பெயரையும் இதில் போடவில்லை. பேரைப் போட்டால் மேலே இருப்பவர்கள் ஏதாவது கேட்பார்களோ என்று உங்களில் ஒருவர் தயங்கினார். சரி, ஒருவர் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். படிக்கும்போது உங்களுக்கே தெரியும், எது யாருக்கென்று.

நன்றிக்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று பார்க்கிற ஆட்கள். குடகில் மழை, வயநாட்டில் மழை என்று செய்தி வந்தால் டீக்கடையில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அப்படிப்பட்டவர்கள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்ததும் மழையைத் திட்ட ஆரம்பித்தோம். "காசு கொடுத்து வந்து ஒண்ணுமே தெரியலையே" என்று முதலில் சொன்னது நான்தான். வேன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு சுவர். அதற்குள்ளே மலை இருக்கிறதாம், தேயிலை இருக்கிறதாம்.

வேன் ஓட்டிய தம்பிக்கு முதல் நன்றி. எதிரே பத்தடி தெரியாத பனியில், தேவிகுளம் வழியாக, பின்னால் பதினான்கு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை கோபப்படாமல் ஓட்டினீர்கள். "அய்யா, நீங்க பேசாம இருந்தா நான் இன்னும் நல்லா ஓட்டுவேன்" என்று மட்டும் ஒருதடவை சொன்னீர்கள். அது எனக்குத்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

தங்கிய விடுதிக்கு நன்றி இல்லை. முன்பணம் வாங்கும்போது வெந்நீர் உண்டு என்றார்கள். போனால் ஈர மெத்தையும் வேலை செய்யாத கீசரும். அதை இதோடு விடுகிறேன்.

இரண்டாம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்கா. ஐந்தாம் மைலில் இறங்கி, வனத்துறை பேருந்தில் ஏறி ராஜமலைக்குப் போக வேண்டும். அதற்கப்புறம் நடைதான். என் அம்மாவுக்கு வயது 76, முழங்கால் சொன்னபடி கேட்காது. மழையில் அந்த ஏற்றம் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அங்கே பணியில் இருந்த வனக்காவலர் அதைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துக் கூரைக்கடியில் போட்டு, "அம்மச்சி இவிடே இருக்கட்டே" என்றார். அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மேலே ஏறினோம்.

ஏறியவர்கள் கண்டது என்ன? தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அன்றைக்கு முகமே காட்டவில்லை. குடைகள் காற்றில் தாமரைப்பூ மாதிரி விரிந்து மேலே திரும்பிக்கொண்டன. முக்கால் மணி நேரம் முனகிவிட்டுத் திரும்பி வந்தால், அம்மாவுக்கு எதிரே நாலடியில் வரையாடுகள் நின்றுகொண்டிருக்கின்றன. ஒன்றிரண்டல்ல, ஒரு கூட்டமே. அதில் ஒரு பெரிய கிடா, உடம்பெல்லாம் கரும்பழுப்பு, முதுகில் மட்டும் சாம்பலை அள்ளிப் பூசியது மாதிரி வெளுப்பு. மயிர் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு மழைத்துளி தொங்குகிறது. அது ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது பாருங்கள், துளியெல்லாம் அம்மாவின் புடவையில் தெறித்தது.

"கிடை போட வந்த ஆடு மாதிரி கிட்டக்கயே வந்து நின்னுச்சுடா. நீங்கள்லாம் எங்க போனீங்க?" என்று கேட்டாள்.

காவலர்தான் விளக்கினார். மழைக்காலத்தில்தான் பெரிய கிடாக்கள் பெட்டைக் கூட்டத்தோடு வந்து சேருமாம். குட்டி ஈனுவது ஜனவரி, பிப்ரவரியில். அந்தச் சமயத்தில் பூங்காவையே பூட்டிவிடுவார்கள். ஆக, கருத்த கிடாவைக் கூட்டத்தோடு பார்க்க வேண்டுமென்றால் மழையோடுதான் பார்த்தாக வேண்டும். உலகத்திலேயே வரையாடு அதிகமாக இருப்பது இந்த 97 சதுர கிலோமீட்டரில்தான் என்றும் சொன்னார். நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கை அடுத்த மாநிலத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறோம்! சாலையோரம் இருந்த புதரைக் காட்டி இதுதான் நீலக்குறிஞ்சி, கடைசியாக 2018-ல் பூத்தது, இனி 2030 என்றார். அம்மா விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவருக்கு இன்னொரு நன்றியும் உண்டு. எங்கள் வீட்டுப் பயல் ஒருவன் ஆட்டுக்கு பிஸ்கட் நீட்டினான். காவலர் போட்ட சத்தத்தில் ஆடு நகரவில்லை, நாங்கள் பதினான்கு பேரும் இரண்டடி பின்வாங்கினோம். அந்த நேரத்தில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. "பிஸ்கட் தின்னு பழகினா நாளைக்கு அது புல்லைத் தேடாது, மனுசன் பையைத்தான் தேடும்" என்று அவர் சொன்னபிறகு பேச வாயில்லை. அந்தத் திட்டுக்கும் சேர்த்து நன்றி.

அன்று சாயங்காலம் மரம் ஒன்று சாலையில் சாய்ந்து வண்டி நின்றுவிட்டது. பெஞ்ச மழை பெஞ்சபடி இருக்கிறது. மேட்டிலிருந்து ஓர் அக்கா இறங்கி வந்தார். இடுப்பில் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி, தலையில் யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துக் கொங்காணி போட்டிருந்தார். எங்கள் வேனில் இருந்த பெண்கள் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். கேலி இல்லை. நாற்று நடும்போது அவர்கள் போடுகிற அதே கொங்காணி, அதே மடிப்பு. "ஏக்கா, எங்க ஊரு நடவாளு மாதிரியே இருக்கீங்க" என்றாள் என் தங்கை. "மழைக்கு ஊரா பேரா? எறங்கி வாங்க எல்லாரும்" என்றார் அந்த அக்கா.

அக்கா, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்றான உங்கள் வீட்டின் முன்னறையில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே நெருக்கடி. பதினான்கு பேரையும் உட்கார வைத்தீர்கள். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, எங்கள் துண்டு, சட்டை, பிள்ளைகளின் காலுறை எல்லாவற்றையும் புகையில் காயப் போட்டீர்கள். சுக்கு தட்டிப் போட்ட கட்டன் சாயா கொடுத்தீர்கள். கும்பகோணம் பக்கத்து நாக்கு, பால் விடாத எதையும் வெந்நீர் என்றுதான் சொல்லும். அன்றைக்கு நான் மூன்று டம்ளர் குடித்தேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. இதில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கத்திக் கேட்டேன். "இந்த எரைச்சல் நின்னாத்தாய்யா எங்களுக்கு முழிப்புத் தட்டும்" என்றீர்கள்.

1924 வெள்ளத்தைப் பற்றி உங்கள் தாத்தா சொன்ன கதையையும் சொன்னீர்கள். அந்த ஜூலை மழையில் மூணாறில் ஓடிக்கொண்டிருந்த குண்டளை ரயில் அழிந்ததோடு சரி, மறுபடி போடவே இல்லை. அதே ஜூலையில்தான் எங்கள் பக்கம் காவிரியும் கொள்ளிடமும் கரை உடைத்தன. எங்கள் தாத்தாக்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேட்டூர் அணை வேலை தொடங்கியது அடுத்த வருஷம், 1925-ல். இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் ஒரே மழையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

குடையை மடித்து வேனிலேயே போட்டுவிடச் சொன்னதும் நீங்கள்தான். தூரத்து மலையைத் தேடாதீர்கள், மழை கலையும் கால் மணி நேரத்துக்குக் காத்திருங்கள், அதுவரை காலடியைப் பாருங்கள் என்றீர்கள். மறுநாள் அப்படியே செய்தோம். பாறையில் பாசி, அதில் முத்து முத்தாக நீர், புல் ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாக இறங்கி ஒரு விரல் தடிமன் ஓடையாகிற இடம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டியவனுக்கு அந்த ஓடையைப் பார்த்தால் கை பரபரக்கும். மடை திருப்ப மண்வெட்டி இல்லையே என்றுதான் தோன்றியது.

அந்த ஓடை எங்கே போகிறது என்று சொன்னவருக்கு அடுத்த நன்றி. திரும்பும் வழியில், மறையூர்ச் சாலையில் இருக்கும் லக்கம் அருவியில் காவல் பார்த்த பெரியவர். முதலில் எங்கள் காலில் ஏறிய அட்டைகளை உப்பு தடவி விழவைத்தார். பிய்த்து எறியாதே, ரத்தம் நிற்காது என்றார். அப்புறம் எந்த ஊர் என்று கேட்டார். தஞ்சாவூர் ஜில்லா என்றதும் அருவியைக் கைகாட்டி, "இது உங்க தண்ணிதான்" என்றார்.

இரவிகுளத்து மேட்டில் மேற்கே விழுகிற மழை பெரியாற்றுக்குப் போகிறது. கிழக்கே விழுவது லக்கம் வழியாகப் பாம்பாறு, பாம்பாறு அமராவதி அணைக்கு, அமராவதி கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் காவிரிக்கு. கேரளத்தில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் மூன்று, கபினி, பவானி, பாம்பாறு. மூன்றும் காவிரியில்தான் சேர்கின்றன. மேட்டூரையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு மேட்டூரைத் தொடாமலே ஒரு வழி இருப்பது தெரியும்தான், ஆனால் அதில் நனைந்தது இதுதான் முதல் தடவை. அமராவதித் தண்ணீருக்கு உடுமலையிலும் தாராபுரத்திலும் கரூரிலும் வயல் காத்திருக்கிறது. அவர்கள் பாய்ச்சியதுபோக மிச்சம் வந்தால்தான் எங்களுக்கு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா அருவித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டாள். ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் விடுவாளாம். மறையூர் தாண்டிச் சின்னாறுக்கு வந்தால் மழை போன இடம் தெரியவில்லை. மலையின் மறுபக்கம் அது, முள்ளும் காய்ந்த மரமும் வெயிலும். பிஸ்கட் நீட்டிய அதே பயல், தாகம் தாங்காமல் அந்த பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டான். நான் கையை ஓங்கினேன். "விடுடா, அது தானா வந்து சேரும்" என்றாள் அம்மா.

லயன் வீட்டு அக்காவுக்குக் கடைசியாக ஒன்று. நீலக்கரை போட்ட உங்கள் துண்டு ஒன்று எங்கள் பையோடு வந்துவிட்டது. குறுவை அறுத்ததும் புது அரிசியோடு அதையும் கொடுத்தனுப்புகிறோம். துவைத்துக் கொல்லையில் போட்டோம். இங்கே அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. புகை வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.